ரோகிணியின் வலது ஆள்காட்டி விரல்

மெஷின் ரோகிணியின் விரலை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள், ஊதிவிட்டு வைத்தாள், நன்றாக அழுத்தி வைத்தாள். மூன்று தடவையும் அதே பெண்குரல், "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று சலிக்காமல் சொன்னது. ஆறு மாதமாக இந்த ஆள்காட்டி விரலுக்குத்தான் கதவு திறக்கிறது. நேற்றுகூடத் திறந்தது.

"இன்னாம்மா, வெரலு தேஞ்சிடுச்சா?" காவலாளி மூர்த்தி எழுந்து வந்து தன் கார்டைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டார். "உப்புக் காத்துல்ல, மெசினு பேஜார் பண்ணுது. குப்பத்துல வூட்டாண்ட தண்ணி வந்துகினு கீதாம், ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன். கதவு தானா பூட்டிக்கும். என் கார்டை வுட்டா, பதிஞ்ச வெரலு இல்லாம ஒருத்தனும் உள்ள வர முடியாது. பயப்படாத."

"போயிட்டு வாங்கண்ணா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குள், மூன்று கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் அந்த உயிரியல் ஆய்வு நிலையத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் குடுவையில் வளரும் செல்லுக்கு ஏது லீவு? பயிற்சிக்கு வந்தவர்கள் முறை வைத்து ஞாயிற்றுக்கிழமையும் வந்து அதற்குத் தீனி மாற்றியாக வேண்டும். மழை ஜன்னல்களை இருட்டாக்கியிருந்தது. நீண்ட தாழ்வாரத்தில் ஸ்பிரிட் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து நின்றன.

நாளை மூன்று கல்லூரிக்காரர்களும் வருகிறார்கள். தோல் செல்லை உயிரோடு வளர்த்துக் காட்டுபவர்களில் ஒருவருக்கு இங்கேயே வேலை. கிடைக்காவிட்டால் ரோகிணிக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் பழைய பாக்கிங் வேலைதான், பத்து மணி நேரம் நின்ற நிலையில். செத்தாலும் அங்கே திரும்பக் கூடாது என்று இருந்தாள். அதனால்தான் அதைச் செய்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் அவளுக்குக் கொடுத்திருந்த தோல் துண்டு பூஞ்சை பிடித்துப் பாழாயிற்று. அதே மத்தியானம் உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்று அவளுடைய வலது ஆள்காட்டி விரல் நுனியைக் குறுக்கே கிழித்தது. பிய்ந்து தொங்கிய தோலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைக் கழுவி, நறுக்கி, இரண்டு குடுவைகளில் போட்டு, பாழான துண்டின் எண்ணையே எழுதி ஒட்டிவிட்டாள்.

பயிற்சியின் முதல் நாளே ஷபானா மேடம் சொல்லியிருந்தார். "எது வேணா பண்ணுங்க, உங்க செல்லை மட்டும் நீங்க வளர்க்காதீங்க. அடுத்தவங்க செல் உள்ள போனா உடம்பு அடிச்சுத் துரத்திடும். உங்களோடதுன்னா வீட்டு ஆளுன்னு நினைச்சு கதவைத் தொறந்து விட்டுடும்." எல்லோரும் சிரித்தார்கள். ரோகிணி கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள்.

தாழ்வாரக் கதவு அவளுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது. உள்ளறையில் இன்குபேட்டர் உடம்புச் சூட்டில் முனகிக்கொண்டிருந்தது. முதல் குடுவையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். செல்கள் தளமெங்கும் பரவியிருந்தன. மனசு துள்ளியது. வேலை கிடைத்த மாதிரிதான்.

பிறகுதான் கவனித்தாள். செல்கள் வரிவரியாக வளைந்து, நடுவில் சுழித்து நின்றன. தோல் செல் சுழிவது சகஜம்தான், பாடத்திலேயே உண்டு. ஆனால் இந்தச் சுழியைக் குறுக்கே ஒரு கோடு வெட்டிப் போனது, சற்றுச் சாய்வாக.

கையுறையைக் கழற்றினாள்.

அவள் விரல் நுனியில் ரேகை இல்லை. காயத்தின் தழும்பும் இல்லை. சோப்புத் துண்டு போல வழவழவென்று இருந்தது.

வேலை போனால் போகட்டும். பிளீச் பாட்டிலை இடது கையால் எடுத்துக் குடுவைக்குள் கொட்டினாள். செல்லின் இளஞ்சிவப்புத் தீனித் திரவம் வெளுத்தது. அதே நொடியில் வலது கை விரல் நுனி திகுதிகுவென்று எரிந்தது. அந்தக் கையில் ஒரு சொட்டும் படவில்லை. அவள் அலறி முடிப்பதற்குள் எரிச்சல் நின்று விரல் மரத்துப்போயிற்று.

இன்னும் ஒரு குடுவை இருந்தது.

இன்குபேட்டரைத் திறந்தாள். இரண்டாவது குடுவை சாய்ந்து கிடந்தது. மூடி தனியே கிடந்தது. உள்ளே எதுவும் இல்லை.

கீழே பார்த்தாள். இன்குபேட்டர் கதவின் ரப்பரில் இளஞ்சிவப்பாக ஓர் ஈரப் பொட்டு. தரையில் இன்னொன்று. அடுத்து இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரு விரல் நுனி அளவு. சீரான இடைவெளி. உள்ளறையைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, பூட்டிய கதவின் அடி இடுக்குவரை.

"மூர்த்தியண்ணா?"



கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு ஓடினாள். வெளியே காவலாளியின் காலி நாற்காலி. வாசல் கேட். யாரும் இல்லை. மெஷினின் திரை இருண்டிருந்தது.

திரை ஒளிர்ந்தது.

அதில் அவள் போட்டோ. அவள் பெயர்.

"தேங்க் யூ," என்றது பெண்குரல்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு மெல்ல, ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது.