நூறு மதிப்பெண் நிருபர்

பூவராகனின் இடது மணிக்கட்டில் இருந்த நடுநிலைமானி அன்று காலையும் நூறு காட்டியது. வணிக நிருபர்கள் அதைக் கட்டிக்கொண்டே எழுத வேண்டும் என்று சட்டம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது நாடி கொஞ்சம் துள்ளினாலும் மானி கண்டுபிடித்துவிடும். கட்டுரைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே மதிப்பெண் அச்சாகும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கிய கட்டுரையைப் பங்கு வாங்கும் இயந்திரங்கள் படிக்காது. மனிதர்கள் படிப்பதை எப்போதோ விட்டிருந்தார்கள்.

நாட்டிலேயே நூறு வாங்குகிறவர் பூவராகன் ஒருவர்தான். அதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'நொடி', 'வாசல்' என்ற இரண்டு முன்னனுப்புக் கடைகள் முட்டி மோதிக்கொண்டிருந்த காலம் அது. நீங்கள் கேட்பதற்கு முன்பே, உங்களுக்கு என்ன தேவைப்படும் என்று அந்தக் கடைகளின் முன்னுணரி கணித்துப் பொருளை அனுப்பிவிடும். பூவராகன் இரண்டிலும் ஒரு ஊசிகூட வாங்கியதில்லை. நொடியில் வேலை பார்த்த மைத்துனனின் கல்யாணத்துக்குப் போகவில்லை. வாசலில் பங்கு வைத்திருந்த நண்பனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மனைவி மகளோடு கோயம்புத்தூருக்கே போய்விட்ட அன்றும் மானி நூறில்தான் நின்றது. அந்த ஆண்டு அவருக்கு 'நடுநிலைச் செம்மல்' பட்டம் கிடைத்தது. விழாச் செலவை இரண்டு கடைகளும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டன.

பெரும்பாக்கத்தில் பதினேழாவது மாடியில் அவர் வீடு. காலை பத்தரைக்கு அழைப்பு மணி அடித்தது.

"கேரம் போர்டு சார்," என்றாள் எஸ்தர். வாசல் கடையின் நீலச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"நேத்தே வேணாம்னு சொன்னேனேம்மா."

"முந்தாநேத்தும்தான் சொன்னீங்க. முன்னுணரி உங்களுக்கு வேணும்னு அடம் புடிக்குதே. ஒண்டியா இருக்கிற மனுஷனுக்கு கேரம் போர்டு எதுக்குன்னு எனக்கே புரியல."

"தண்ணி குடிக்கிறியா?"

"குடுங்க. லிஃப்ட்டு இன்னிக்கும் படுத்துக்கிச்சு."

ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஆறு நிமிடம். அதற்குள் அவள் மாமியாருக்கும் கீழ்வீட்டுக்காரிக்கும் நடக்கும் குழாயடிச் சண்டையின் அன்றைய நிலவரம் வந்துவிடும். அந்த ஆறு நிமிடத்தை விட்டால் நாள் முழுக்க அவரிடம் பேச ஆளில்லை. பலகையை வாங்கினால் மதிப்பெண் போகும். வாங்காவிட்டால் அவள் நாளைக்கும் வருவாள். நேர்மை இவ்வளவு சுகமாக அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இருபத்தேழாம் நாள் கேட்டார்: "இதை எத்தனை நாளைக்கும்மா தூக்கிட்டு வருவே? கம்பெனிக்கு நஷ்டமில்லையா?"

"நஷ்டமா? நீங்க வேற! நான் பெல் அடிச்சாலே ஒரு விற்பனைன்னு கணக்குல ஏறிடும் சார். உங்க ஒருத்தருக்கே இருபத்தேழு போர்டு வித்திருக்கேன்."

பூவராகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு நாள் அலைந்து மற்ற விநியோக ஆட்களிடம் விசாரித்தார். வாசல் பெருமையோடு அறிவித்த விற்பனையில் பாதிக்குமேல் வெறும் மணியோசை. எழுதினால் வாசல் சரியும். எஸ்தருக்கு வேலை போகும். அந்த ஆறு நிமிடமும் போகும். எழுதாவிட்டால் இத்தனை நாள் எல்லோரையும் விலக்கி வைத்ததற்கே அர்த்தமில்லை.

எழுதினார். 'வாசல்' என்ற சொல் வரும்போதெல்லாம் நாடி குதிரையாக ஓடியது. மதிப்பெண் முப்பத்தெட்டு.

ஆசிரியர் நாச்சியப்பன் தொலைபேசியில் கத்தினார். "என்னய்யா இது? காதல் கடிதம் எழுதினாக்கூட அறுபது வருமே!"

"ஆதாரம் இருக்கு சார். அத்தனையும் உண்மை."

"உண்மையாவே இருக்கட்டும். நாடி ஏன் துள்ளுது?"

"ஒரு பொண்ணுக்கு வேலை போயிடுமேன்னு துள்ளுது."

"அதுக்குப் பேருதான்யா சார்பு."

கட்டுரை முப்பத்தெட்டோடு வெளியானது. அதே பக்கத்தில் கிருபாகரன் என்ற இன்னொரு நிருபர் 'வாசலுக்கு நிகரில்லை' என்று எழுதியிருந்தார். வாசல் அனுப்பிய விளம்பரக் குறிப்பை வரி மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார். பாதித் தூக்கத்தில் செய்த வேலை. நாடி அசையவே இல்லை. தொண்ணூற்றொன்பது.

இயந்திரங்கள் முப்பத்தெட்டைத் தாண்டிப் போய்த் தொண்ணூற்றொன்பதைப் படித்தன. மதியத்துக்குள் வாசல் பங்கின் விலை இரட்டிப்பானது. புதுப் பங்கு விற்று வந்த பணத்தில் வாசல் பத்தே நாளில் நொடியை விலைக்கு வாங்கியது. நொடியிடம் ஆளில்லாமல் பறந்து பொருள் கொடுக்கும் பறப்பான்கள் முப்பதாயிரம் இருந்தன. பறப்பானுக்குச் சம்பளமில்லை, ஒரு நாளில் மனிதரைவிட நூறு மடங்கு மணி அடிக்கும். நீலச் சட்டைக்காரர்கள் அத்தனை பேரையும் நன்றிமடல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எஸ்தருக்கு வேலை போனது பூவராகன் உண்மையை எழுதியதால் அல்ல. அதை ஒருவரும் படிக்காததால்.

மறுநாள் பத்தரைக்குப் பறப்பான் ஒன்று பால்கனியில் வந்து நின்றது. "வேண்டாம்" என்றார். "நன்றி" என்று சொல்லிப் பறந்தது. மொத்தம் இரண்டு நொடி. எஸ்தரின் எண்ணை அவர் கேட்டு வைத்திருக்கவில்லை. செய்தி கொடுப்பவரோடு பழகுவது விதிப்படி தவறு.

அந்த வாரம் இரண்டு கடைகளும் இணைந்ததைப் பற்றி அவரை எழுதச் சொன்னார்கள். எழுதினார். உள்ளே எதுவும் அசையவில்லை.

"நூறு!" நாச்சியப்பன் தொலைபேசியில் பூரித்தார். "பழையபடி ஆயிட்டீரே! பயந்தே போயிட்டேன்யா. சரி, வச்சிடட்டுமா?"

"சார், ஒரு நிமிஷம். வேற ஏதாவது பேசுங்களேன்."

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தியும் இல்ல. சும்மா."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சும்மா பேசிப் பழகினா மானி இறங்கிடும்யா. உம்ம நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்று இணைப்பைத் துண்டித்தார்.