வெள்ளி இருக்க இரும்பு போனது

“12-3-1958, புதன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். நேற்று வராதவரை இன்று திருடி என்றேன்.”

மாலைப் பள்ளிக்குக் கிளம்பும் முன் இதை எழுதிவிட்டு, கருணாகரன் காலையில் எழுதிய குறிப்பைத் திரும்பப் படித்தான்.

“7.00: கத்தி இல்லை. 7.10: அரிவாள்மனை, கத்தரிக்கோல், அண்ணனின் சவரக்கத்தி இல்லை. 7.30: குழந்தையின் தலைமாட்டில் காத்து கருப்பு அண்டாமலிருக்க வைத்த துருப்பிடித்த பாக்குவெட்டியும் இல்லை.”

அண்ணி கமலவேணிக்குக் குழந்தை பிறந்து பத்தொன்பது நாள். தீட்டு கழியும்வரை அந்த அறைக்குள் போகும் வெளியாள், குளிப்பாட்ட வரும் அஞ்சலை ஒருத்திதான். எட்டு மணிக்கு வந்தவளை, காஜா பேராங் தெருவே பார்க்க, வாசலில் நிறுத்தினான். பக்கத்துக் கொடியில் குழந்தைக்குக் கட்டும், ஓரம் பிசிறடித்த அணையாடைகள் காய்ந்துகிடந்தன.

“பையை அவிழ்த்துக் காட்டுங்க.”

“துருப்பிடிச்ச பாக்குவெட்டிய வச்சு நான் கடை போடப் போறேனா?” அஞ்சலை பையை உதறினாள். மஞ்சள், எண்ணெய்க் குப்பி. “நான் வந்தது முந்தாநாளு. நேத்து பகல்ல மீன் வெட்டினீங்களே, பல்லாலயா?”

அழுதுகொண்டே திரும்பிப் போய்விட்டாள்.

மாலை 5.40. தொலைந்ததையெல்லாம் எழுதியவன், தொலையாததை எழுதவில்லை. குழந்தையின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் அப்படியே இருந்தது. எந்தத் திருடன் வெள்ளியை விட்டுத் துருவை எடுப்பான்? அணையாடைகளோ கையால் கிழித்தவை. கத்தரிக்கோல் இல்லையென்று இன்று காலைதான் வீட்டுக்குத் தெரியும். எட்டு மணிக்கே கொடியில் காய்ந்துகிடந்த துணி நேற்றே கிழிந்திருக்க வேண்டும். கிழித்தவருக்கு முன்பே தெரியும்.

பள்ளியை மறந்து, அறை வாசலில் போய் நின்றான். மூலையில் பூட்டிய கல்யாணப் பெட்டி. அண்ணியின் இடுப்பில் சாவிக்கொத்தைக் காணோம்.

“அண்ணி, பெட்டிச் சாவி?”

“கிணத்துல.”

“எப்ப போட்டீங்க?”

“நேத்து சாயங்காலம், எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டினதும்.” அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “கூரானதப் பாத்தாலே, இந்தக் கையாலயே பிள்ளைய ஏதாச்சும் செஞ்சிருவேனோன்னு வருது தம்பி. நான்லாம் ஒரு தாயா? சொன்னா பிள்ளையப் புடுங்கிட்டு என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க.”

“எடுத்தது நீங்கதான் அண்ணி. பிள்ளையக் காப்பாத்தத்தான் எடுத்திருக்கீங்க.”

பின்னால் நின்ற அண்ணன் அப்பாசாமி அவன் கையைப் பிடித்தான். “வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்லா, கருணா.”

“அஞ்சலையம்மா மானத்த நடுத்தெருவுல வாங்கினேனே, அது?”

6.30. கருணாகரன் போய் அழைக்க, அடுத்த சந்தில் குடியிருக்கும் தாதி மிஸ்ஸி பொன்னம்மா வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ள பெத்தவங்களுக்கு வர்ற நோவு இது. எத்தனை பேர் வாயத் தொறக்காம கெடக்குறாங்க தெரியுமா? வைத்தியம் இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானே கூட வாரேன், பிள்ளையும் உங்க மடியிலதான் வரும். அப்பாசாமி, ராவுக்குத் தனியா விடாதீங்க.”

8.00. கருணாகரன் நோட்டைத் திறந்து ‘சிறு’ என்ற சொல்லை அடித்தான். கீழே எழுதினான்:

“13-3, வியாழன். காலை 7.00: உஜோங் பாசிர். அஞ்சலையம்மா குடியிருக்கும் தெருவில், எல்லோர் முன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்பது. 9.00: அண்ணி, குழந்தையுடன் ஆஸ்பத்திரி.”