பொங்காத வெள்ளி எழுத்து

"என் சட்டைதான்யா அவளக் கொன்னுருச்சு" என்றான் காளீஸ்வரன். வீட்டுக்குள் கூப்பிட்டும் வரவில்லை. ஓய்வு பெற்ற தீயணைப்பு அதிகாரி வெள்ளைத்துரை, நாற்காலியை வெளியே போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். அவருக்கு வண்டி ஓட்டிய செல்வக்குமாருக்குப் பரிதாபமாக இருந்தது.

காளீஸ்வரன் விஸ்வநத்தத்தில் மத்தாப்பு மருந்து கலக்குகிறவன். மனைவி செல்வலட்சுமி, சிவகாசியில் மணிகண்டராஜின் கடையில் கையால் கல்யாண கார்டு செய்தாள். போன வாரம் ஒரு நாள் மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுபோனான். மருந்து வேலை பார்த்தவன் குளிக்காமல் அடுப்பங்கரைக்குப் போவதில்லை. கார்டு எழுத்துக்குச் சூடு காட்டும் ஹீட்டர் இருக்கும் அறையும் அப்படித்தான் என்று அவள் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் உள்ளே தீ. மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

சட்டைத் தூசி ஃபேன் காற்றில் பறந்து சூட்டில் பற்றியது என்றார் முதலாளி. போலீஸ் நம்பியது. பாவம், காளீஸ்வரனும் நம்பினான். பெற்ற மகளைத் தொடவே பயந்தான்.

மூவரும் கடைக்குப் போனார்கள்; காளீஸ்வரன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். கடைச் சுவர் கருகியிருந்தது. மணிகண்டராஜ் ஒரு டின்னை நீட்டினார். "இதாண்ணாச்சி எம்போஸிங் பவுடர். அன்னைக்குக் காலையிலருந்து செல்வலட்சுமி இதத்தான் போட்டுச்சு. தனியா இருந்ததால தப்புச்சு."

ஈர மையில் எழுதி, பவுடரைத் தூவி, மிச்சத்தை உதறி, ஹீட்டர் காட்டினார் வெள்ளைத்துரை. எழுத்து உருகிப் பொங்கி, வெள்ளிக் கொலுசாய் மின்னியது. டின்னைப் பார்த்துவிட்டு மூடினார்.

"தீப்பிடிக்கிறதுக்கு முன்னால செஞ்ச கார்டு எங்கயும் போச்சா?"

"அன்னைக்குக் காலையில ஆமத்தூர் பொண்ணு வீட்டுக்கு மாதிரிக் கார்டு ஒண்ணு போச்சு" என்றார் மணிகண்டராஜ், தயங்கி.

செல்வக்குமார் பைக்கை விரட்டிப் போய் அதை வாங்கி வந்தான். எழுத்து தட்டையாக இருந்தது. வெள்ளைத்துரை தேய்த்ததும் விரல் சாம்பல் நிறமானது. கார்டின் பின்பக்கம் சூட்டில் பழுப்பேறியிருந்தது.

"எம்போஸிங் பவுடர்னா உருகி ஒட்டிக்கிடும். இது உருகவே இல்ல. பொங்கலையேன்னு அந்தப் பொண்ணு ஹீட்டரக் கிட்டக்க, இன்னும் கிட்டக்கக் கொண்டுபோயிருக்கு. பின்பக்கத்தப் பாருங்க."

"இவன் சட்டைத் தூசி" என்று ஆரம்பித்தார் மணிகண்டராஜ்.

"இந்தக் கார்டு போனது காலையில. இவர் வந்தது மத்தியானம். தூசி ஒரு கார்டு எழுத்தையும் நிரப்பாது. காலையிலருந்து போட்ட டின்னுங்கீக. விளிம்பு வரைக்கும் நிறைஞ்சிருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மணிகண்டராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். "மெட்ராஸ் லோடு வரல. முகூர்த்த சீசன். மச்சான் பட்டாசுக் கம்பெனியில மத்தாப்புக்குப் போடுற வெள்ளிப் பவுடர், அதான் அலுமினியத் தூள், வாங்கியாந்தேன். ரெண்டும் ஒரே நிறந்தான... இந்த டின்ன நெருப்புக்கு அப்புறந்தான் வாங்குனேன்."

"அந்தத் தூள் ஹீட்டர் காத்துல பறந்தா என்ன ஆகும்னு இந்த ஊர்ல பொறந்த ஒங்களுக்குத் தெரியாதா?" வெள்ளைத்துரையின் குரல் உயரவில்லை. செல்வக்குமாருக்கு முதலாளியை அறைய வேண்டும் போலிருந்தது. வெளியே ஓடினான்.

"ஒங்க சட்டை இல்லண்ணே. நீங்க இல்ல."

காளீஸ்வரன் நடந்ததை முழுக்கக் கேட்டான். முகம் தெளியவில்லை.

"அன்னைக்கு அந்தப் பவுடர் மேசையிலயா இருந்துச்சு?"

"ஆமா."

"தெனமும் அதுலதான் கை வச்சு வேல பாக்கேன். அவ என்னைய ஒரு எட்டு உள்ள விட்டிருந்தா, பாத்த ஒடனே சொல்லியிருப்பேனே."

வெள்ளைத்துரை வந்து காளீஸ்வரன் பக்கத்தில் நின்றார். அவன் சட்டைத் தோளில் கை வைத்தார்.