உயிர் வரவில்லை

மணப்பாறைக்கும் துவரங்குறிச்சிக்கும் நடக்கப்போகும் ஐந்து கபடி ஆட்டங்களும் புதன்கிழமை காலை பத்து மணிக்கே தாட்சாயணியின் மேசைக்கு வந்துவிட்டன. முதல் ஆட்டம் தொடங்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மொத்தம் நூற்றுப் பதினாறு பக்கம். எந்த நிமிடத்தில் யார் பாடிப் போவார், யாரைத் தொடுவார், யார் காலை யார் பிடிப்பார், எந்த ஆட்டத்தை யார் எத்தனை புள்ளியில் ஜெயிப்பார், எல்லாம் அதில் இருந்தது. முன்னுணரி என்ற அந்த இயந்திரம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஆட்டக்காரர்களின் விலாவில் ஒட்டிய உணரிகள் எந்நேரமும் அதற்குச் சேதி அனுப்பும். மூச்சின் நீளம், முழங்கால் வலி, காலையில் மாமியாரோடு போட்ட சண்டை வரை அதற்குத் தெரியும். பலிதம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை. ஊர் ஜோசியன் பத்துக்கு இரண்டு பலித்தாலே மாலை போடுகிற சனம் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடியதில் ஆச்சரியம் இல்லை.

முடிவு தெரிந்த ஆட்டத்தை எவன் பார்ப்பான் என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் உண்டு. பாவம், மனிதர்களைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தாலி கட்டப்போவது யார் என்று தெரிந்துதானே கல்யாணத்துக்குப் போகிறோம்? மக்கள் முன்னோட்டம் என்று வெளியாகும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்தபடி ஆட்டம் பார்த்தார்கள். சொன்னது நடந்ததும் பெரிய திரையில் ‘பலித்தது’ என்று பச்சை எழுத்து ஒளிரும், அரங்கமே கைதட்டும். நடக்காவிட்டால் யாரோ கையூட்டு வாங்கி ஆட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று விசாரணை வரும். அதற்கு விலகல் குற்றம் என்று பெயர். ஒருவன் விலகினால் அவன் அணிக்கே இரண்டு வருடத் தடை.

தாட்சாயணியின் வேலை, இயந்திரம் துப்பிய தாளை மக்கள் படிக்கும்படி எழுதி, தலைப்பு வைத்து வெளியிடுவது. முன்பெல்லாம் தாளில் ‘வெளியேறினார்’, ‘மீண்டும் களமிறங்கினார்’ என்று அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. களத்தில் எவன் அப்படிப் பேசுகிறான்? பிடிபட்டவன் செத்தான். எதிரணியில் ஒருவன் வீழ்ந்தால், செத்தவனுக்கு உயிர் வந்தது, உள்ளே வருகிறான். சின்னப் பிள்ளையிலிருந்து எல்லோரும் விளையாடிய பேச்சு அதுதான். நான்கு வருடத்துக்கு முன் முன்னுணரிக்கு அந்தப் பேச்சைக் கற்றுக் கொடுத்தவளும் அவள்தான். அதிலிருந்து வாசகர்கள் மூன்று மடங்கானார்கள், அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

அன்றைய தாளில் இருநூற்றுப் பதினொரு பேர் செத்தார்கள், இருநூற்றுப் பத்துப் பேருக்கு உயிர் வந்தது. மிச்சம் ஒரே ஒரு வரி.

‘மூன்றாம் ஆட்டம். முப்பத்தேழாம் நிமிடம். பாடிப் போன வடமலை செத்தான். உயிர் வரவில்லை.’

நாற்பது நிமிட ஆட்டத்தில் முப்பத்தேழில் பிடிபட்டால் திரும்பி வர நேரம் இல்லாமல் போகலாம். அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் வடமலை மணப்பாறையின் முதல் ஆள், பாடிப் போனால் மூன்று பேரைச் சாய்க்காமல் திரும்பாதவன். அவன் பெயர் நான்காம் ஆட்டத்தில் இல்லை. ஐந்தாம் ஆட்டத்திலும் இல்லை. தாட்சாயணி பக்கங்களை முன்னும் பின்னும் இரண்டு முறை புரட்டினாள். காலில் அடிபட்டிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு தலைப்பு வைத்தாள்.

‘மூன்றாம் ஆட்டம்: வடமலைக்கு உயிர் வருமா?’

அவள் வைத்த தலைப்புகளிலேயே அதிகம் படிக்கப்பட்டது அதுதான்.

ஐந்தாம் நாள் வடமலையே அவளைத் தேடித் திருச்சி அலுவலகத்துக்கு வந்துவிட்டான். இருபத்துநாலு வயது இருக்கும். கதவை அடைக்கிற மாதிரி ஆள், ஆனால் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தான். கையில் முன்னோட்டம் நான்காக மடிந்து வியர்வையில் நைந்திருந்தது.

“அக்கா, நீங்க எழுதினதுதானே இது? ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். செத்தான்னா அவுட்டா, இல்ல செத்தானா?”

“அவுட்டுதான் தம்பி. நாம பேசற பேச்சுதானே அது?”

“நானும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன். யாரு கேக்குறா? தெருவுல எல்லாரும் வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போறாங்க. நேத்து எங்க பெரியப்பா வந்தாரு. வந்தவரு துக்கத்துக்கு வந்தா நீட்டுவாங்களே, அந்த மாதிரி கையை நீட்டிட்டாரு. எங்கம்மா தெரியாத்தனமா தொட்டுடுச்சு. அதுலேர்ந்து சோறு எறங்கல அதுக்கு.” அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “நாலாவது ஆட்டத்துல எம்பேரு ஏங்க்கா இல்ல?”

அடிபட்டிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்து, அதுவும் ஆறுதல் இல்லை என்று விழுங்கினாள்.

“ஆடாம இருந்துடேன்.”

“பதினாலு பேரு இருக்கோம்க்கா டீமுல. நான் ஒருத்தன் விலகினா பதினாலு பேருக்கும் ரெண்டு வருஷம் தடை. சொக்கனுக்கு இப்பவே முப்பத்திரண்டு வயசு. அவனுக்கு இதுதான் கடைசி.”

பயந்தவனாக அவன் தெரியவில்லை. கணக்குத் தெரியாமல் முழிக்கும் பள்ளிக்கூடத்துப் பையனாகத்தான் தெரிந்தான். அதுதான் தாட்சாயணிக்குத் தாங்கவில்லை. தான் ஆசைப்பட்டு இயந்திரத்துக்கு ஊட்டிய ஒரு வார்த்தை இந்தப் பிள்ளையின் வீட்டில் துக்கமாக உட்கார்ந்திருக்கிறது. வார்த்தையால் வந்த வினையை வார்த்தையாலேயே தீர்க்க வேண்டும் என்று யோசித்தாள். வழியும் கிடைத்தது.

“இங்க பாரு வடமலை. தாள்ல செத்தான்னுதான் இருக்கு. யாரு பிடிச்சாங்க, எப்படி செத்தான்னு ஒண்ணும் இல்ல. மத்த வரியெல்லாம் பாரு, ‘இன்னார் பிடியில் செத்தான்’னு இருக்கும். உனக்கு இல்ல. ஓரக் கோட்டை மிதிச்சாலும் அவுட்டுதானே?”

“ஆமா.”

“முப்பத்தேழாம் நிமிஷம் பாடிப் போ. எவன் கையிலயும் சிக்காதே. சிக்கினாத்தானே கழுத்து, முதுகுன்னு பயம்? நேரா வலது ஓரத்துக்கு ஓடு. வேகமா ஓடிப் போய்க் கோட்டை மிதி. நீ செத்தாச்சு. தாளும் பலிச்சது, நீயும் முழுசா வீட்டுக்குப் போவே. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் வயித்து வலின்னு படுத்துக்க.”

வடமலை தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் தோள் இரண்டும் இறங்கின. “இது எனக்குத் தோணலையே அக்கா” என்றான். எழுந்து போகும்போது அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவள் கை மூன்று நாள் வலித்தது.

மூன்றாம் ஆட்டம் மணப்பாறை அரங்கில், சாயங்காலம் ஐந்து மணிக்கு. தாட்சாயணி எந்த ஆட்டத்தையும் நேரில் பார்க்கப் போகிறவள் இல்லை, இதற்குப் போனாள். முதல் இரண்டு ஆட்டங்களும் தாளில் இருந்தபடி ஆளுக்கு ஒன்றாக முடிந்திருந்தன. அன்றைக்கு அரங்கத்தில் எள் போட்டால் கீழே விழாது. சாவைப் பார்க்க வந்த கூட்டம் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருந்தார்கள்.

எரிகிற வீட்டில் பிடுங்கியவரை லாபம் என்று அரங்கத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. களத்தின் இரண்டு பக்கமும் வழக்கமாக வெற்றிடமாக விடும் இடத்தில் புதிதாக இரண்டு வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள். அந்தக் கூட்டம் களத்துக்குள் சரிந்துவிடாமல் இருக்க இரும்புக் குழாயில் இடுப்புயரத் தடுப்பு. ஓரக் கோட்டுக்கும் தடுப்புக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை.

தாட்சாயணி மேல் வரிசையில் இருந்தாள். முன்னால் நின்றவர்களின் தலைக்கு நடுவில் அவளுக்குத் தெரிந்தது வடமலை மட்டும்தான், அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்தாம் நிமிடத்தில் முன்னால் இருந்தவர் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது அந்தத் தடுப்பு கண்ணில் பட்டது. ஒரு கணம் அது என்னவென்று புரியவில்லை. புரிந்ததும் எழுந்து படிகளில் இறங்க ஆரம்பித்தாள்.

“தம்பி, வேணாம்! ஓடாதே!” என்று கத்தினாள். சுற்றி இருந்த எல்லோரும் ஏதோ ஒன்றைக் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். “உக்காருங்கம்மா, மறைக்குது!” என்று ஒருவர் அவள் சேலையைப் பிடித்து இழுத்தார். “நாங்களும் அதைப் பாக்கத்தானே வந்திருக்கோம்?”

முப்பத்தேழாம் நிமிடம். வடமலை நடுக்கோட்டைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு “கபடி கபடி கபடி” என்று உள்ளே போனான். அரங்கம் சட்டென்று அடங்கிவிட்டது, அவன் மூச்சு மேல் வரிசை வரைக்கும் கேட்டது.

துவரங்குறிச்சிக்காரர்கள் ஏழு பேரும் பின்வாங்கினார்கள். அவர்களும் தாள் படித்தவர்கள்தானே? கொலைகாரன் என்ற பெயரை எவன் வாங்குவான்? ஒருவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஒருவன் கும்பிட்டான். அவன் மேல் விரல் வைக்க அந்தக் களத்தில் ஆள் இல்லை. வடமலை மெதுவாக நடந்து போய்க் கோட்டை மிதித்திருந்தால்கூடப் போதும், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஓடிப் போய் மிதிக்கச் சொல்லியிருந்தாள் தாட்சாயணி. அவன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. வலப்பக்கம் திரும்பி, யாரும் துரத்தாத களத்தில், எதிராளிகள் ஏழு பேர் மேலும் ஒரு கண் வைத்தபடி முழு வேகத்தில் ஓடினான். கோட்டைச் சரியாக மிதித்தான். அடுத்த அடி வைக்க இடம் இல்லை. குழாய் இடுப்பில் தட்டி உடம்பு மேலே சுழன்றது, தலை நாற்காலிகளின் இரும்புக் காலில் போய் விழுந்தது.

நடுவர் விதிப்படி கையைத் தூக்கினார். திரையில் ‘பலித்தது’ என்று பச்சை எழுத்து ஒளிர்ந்தது. பழக்கதோஷம், பாதி அரங்கம் கைதட்டிவிட்டது. முதல் வரிசையில் ஒரு பெண் அலறிய பிறகுதான் அந்தக் கைதட்டல் அங்கங்கே நின்றது.

மறுநாள் நைனா முகமது அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முன்னுணரியைப் பராமரிக்கும் பொறியாளர், அலுவலகத்தில் எல்லோருக்கும் பாய். மேசையில் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இதைக் காட்டக் கூடாதும்மா. ஆனா மனசு கேக்கல. இது பச்சைத் தாள். நாம முன்னோட்டமே வெளியிடலைன்னா என்ன நடந்திருக்குமோ, அது.”

தாட்சாயணி படித்தாள். ‘மூன்றாம் ஆட்டம். முப்பத்தேழாம் நிமிடம். பாடிப் போன வடமலை செத்தான். முப்பத்தொன்பதாம் நிமிடம். வடமலைக்கு உயிர் வந்தது.’ நான்காம் ஆட்டத்தில் அவன் பெயர் இருந்தது. ஐந்தாம் ஆட்டத்தில் கடைசிப் புள்ளியே அவனுடையதுதான்.

“அப்ப இதையே ஏன் பாய் வெளியிடலை?”

“வெளியிட்டா படிச்சவன் உஷாராயிடுவான். மாத்தி ஆடுவான், கணிப்பு பொய்யாப் போகும். முதல் வருஷம் அப்படித்தான் நம்ம மானம் போச்சு. அதனால, ஊர் படிச்சதுக்கு அப்புறமும் எந்தத் தாள் பலிக்குமோ அதைத் தேடச் சொன்னோம். லட்சக்கணக்குல தாள் போட்டுப் பாக்கும். எதைப் படிச்சா படிச்சவன் அதுல இருக்கற மாதிரியே செய்வானோ, அதைத்தான் உங்க மேசைக்கு அனுப்பும்.”

“அப்ப அது வருங்காலத்தைப் பாக்கலை.”

“வருங்காலமாவது ஒண்ணாவது. பலிக்கிற வாக்கியமாத் தேடுது, அவ்வளவுதான். அதுக்குச் சாவும் ஒண்ணுதான், வயித்து வலியும் ஒண்ணுதான்.”

“நான் வெச்ச தலைப்பு?”

“உங்க கை எப்படி எழுதும்னு அதுக்குத் தெரியும்மா. அதுவும் சேர்த்திதான்.”

“பாய், கோட்டை மிதிக்கச் சொன்னது நான். அவன் என்னைத் தேடி வந்தான். ஓடிப் போய் மிதின்னு நான்தான் சொன்னேன்.”

நைனா முகமதுவுக்கு அது தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். “நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

தாட்சாயணி அவர் அறையிலேயே உடைந்து அழுதாள். வேலையை விடுகிறேன் என்றாள். விட்டால் வேறொருவர் எழுதுவார், அவர் கைக்கு ஏற்றபடி பலிக்கிற தாள் வரும் என்றார் அவர். அது உண்மை என்று அவளுக்கும் தெரிந்தது. இருந்தால் அந்த ஒரு வார்த்தையையாவது இனி யார் தலையிலும் விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். செத்தான் என்று இனி எழுதுவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் ஆட்டம் ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு நடந்தது. ஐந்தாவதும் நடந்தது. எல்லாம் தாளில் இருந்தபடியே. பலிதம் வரலாற்றில் முதல் முறையாக நூற்றுக்கு நூறு.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்குமான தாள் வந்தது. சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தாட்சாயணி முதல் பக்கத்தைப் புரட்டினாள். அடிப்பதற்கு ஒன்றும் இல்லை. தொண்ணூற்றெட்டுப் பக்கத்திலும் ஓர் இடத்தில்கூடச் ‘செத்தான்’ இல்லை. எல்லா வரியிலும் ‘வெளியேறினார்’ என்றுதான் இருந்தது, ஏழெட்டு வரியில் கூடவே ‘திரும்பவில்லை’ என்றும் இருந்தது. பேனாவை மூடினாள். ஒவ்வொரு வரியையும் நான்கு தடவை படித்தாள், தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்க்காத குறை. எது வெறும் வரி, எது அந்த வரி என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாயங்காலம் தலைப்பே வைக்காமல் வெளியிட்டாள்.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது.

“அக்கா, வணக்கம். நான் கோவில்பட்டி டீமுல ஆடுதேன், பேரு சுடலைமணி. தொந்தரவுக்கு மன்னிச்சிக்கிடுங்க. ரெண்டாவது ஆட்டத்துல, இருபத்திரண்டாம் நிமிஷம், சுடலைமணி வெளியேறினார், திரும்பவில்லைன்னு போட்டிருக்கு. நாலு வருஷமா செத்தான்னுதான் போடுவீங்க, இப்ப மாத்திப் போட்டிருக்கு பாத்துக்கிடுங்க, அதான் கேக்கேன். எதுல இருந்துக்கா வெளியேறுதேன்?”

ஒன்றும் இல்லை தம்பி, அவுட்டுதான் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. அவள் சொன்னாலும், சொல்லாமல் வைத்துவிட்டாலும், அது ஏற்கெனவே கணக்கில் சேர்ந்திருக்கும். தாட்சாயணி தொலைபேசியைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

“அக்கா?” என்றான் அவன். “லைன்ல இருக்கீங்களா?”