சூடேறும் ஜன்னல்

ஜன்னல் முழுக்கத் தெளிந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளையாகப் பனி படிந்திருந்ததை முனீஸ்வரி விடிந்ததும் பார்த்தாள்.

கணவன் வீரணன் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். பேச்சில்லை, கண் மட்டும் அசையும். இருபத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவருக்கு மிச்சமிருந்தது அந்த மாடி ஜன்னல்தான். ஏசி ஓயாமல் ஓடும் அறை என்பதால், ஐப்பசி ஈரத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் பனி மூடிக்கொள்ளும். தெரு மறைந்ததும் அவர் கண்ணோரம் நீர் வழியும். அதற்காகத்தான் பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கரண்டில் சூடேறும் கண்ணாடியை நேற்று ஆள் வைத்துப் பொருத்தியிருந்தாள்.

முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. வெளிப்பக்கம் இருந்தது. செல்லூர் விசைத்தறிகளின் தடதடப்பு சுவரில் அதிர, நனைந்த நூலின் புளித்த வாடை எங்கிருந்தோ கசிந்து வர, அந்த வெள்ளை வட்டம் மெல்லச் சுருங்கி, மறுபடி விரிவதை அவள் நின்று பார்த்தாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டி யாரோ மூச்சு விடுவதுபோல். வெளியே நிற்க ஒரு விளிம்புகூடக் கிடையாது. கீழே இருபதடியில் தெரு.

கண்ணாடி பொருத்திய சூரியபிரகாஷ் மத்தியானம் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தான்.

"கரண்டு எல்லா எடத்துலயும் சரியாத்தான் போகுதுக்கா." வட்டத்தின் மேல் விரலை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "ஐஸ் மாதிரில்ல இருக்கு!"

"என்ன தம்பி அது?"

"தெரியலக்கா. சுவிச்ச அமத்திருங்க. இந்தச் சூட்டத் தேடித்தான் அது..." பையை அள்ளிக்கொண்டு படியிறங்கினான்.

அவள் அணைக்கவில்லை. அணைத்தால் அவருக்குத் தெரு போய்விடும். சூட்டைக் கடைசி அளவுக்குக் கூட்டினாள்.

மாலை ஐந்து மணிக்கு வட்டம் காணாமல் போயிருந்தது.

"பாருங்க, அம்புட்டும் தெளிஞ்சிருச்சு" என்றாள்.

வீரணன் தெருவைப் பார்க்கவில்லை. நடந்து வரும் ஒருவரைத் தொடர்வதுபோல் அவர் பார்வை ஜன்னலிலிருந்து கிளம்பி, தரையைக் கடந்து, கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தது. அங்கிருந்து மேலே ஏறியது. அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

அவள் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள். கண்ணாடி ஆறியது. பனி ஏறியது. தெரு மறைந்தது.

"என்னங்க?"

கண் அசையவில்லை. நெஞ்சில் கை வைத்தாள். எழவில்லை. காதை வைத்தாள். ஒன்றுமில்லை.

அழுவதற்கு வாய் திறந்தாள்.

அவருடைய உதடுகள் பிரிந்தன. அசையாத அந்த நெஞ்சிலிருந்து, வெள்ளையாக, மூச்சு வந்தது. நின்றது. மறுபடி வந்தது.