மூச்சாளர்கள்

"காலை வணக்கம், ஊர்மிளா. நேற்று நன்றாக மூச்சு விட்டீர்கள்," என்றது வீடு.

வெள்ளத்தாய் பாயைச் சுருட்டினாள். வாஷ்பேசினில் கிடந்த தன் நரைமுடியை விரலால் ஒற்றி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். முடி, நகம், தாளித்த வாசனை எதுவும் அங்கே மிஞ்சக் கூடாது. பெரிய கட்டிலில் படுக்கக் கூடாது. கூடத்து மூலையில்தான் பாய். பகலெல்லாம் ஏரிக்கரை ஓட்டலில் பாத்திரம் கழுவுவாள். மாலையில் இங்கே வந்து பார்க்கவேண்டிய இன்னொரு வேலை, மூச்சு விடுவது.

சமவெளி வெந்துபோன பிறகு, பணம் படைத்தவர்கள் கொடைக்கானலை வீடு வீடாக வாங்கிப் பூட்டிப் போட்டார்கள். பாத்திரம் கழுவுகிறவர்களும் குழாய் பார்க்கிறவர்களும் நர்சுகளும் சோதனைச்சாவடிக்குக் கீழே தார்ப்பாயில் கிடந்தார்கள். கூச்சல் எழுந்தது. வசிப்புச் சட்டம் வந்தது. ஆள் இல்லாத வீட்டை அரசு எடுத்து உள்ளூர் உழைப்பாளிகளுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் என்றார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கக் கூரைக்குக் கூரை மூச்சுணரி பொருத்தினார்கள். அன்றைக்குத் தார்ப்பாய்க்காரர்கள் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள்.

வீட்டுக்காரர்கள் அப்போதும் வரவில்லை. ஒரு கம்பெனி வந்தது. தார்ப்பாயிலிருந்தே ஜோடி ஜோடியாக ஆள் பொறுக்கி, பூட்டிய வீடுகளில் மூச்சாளர்களாக வைத்தது. அவர்கள் குரலையும் உடற்சூட்டையும் வீட்டுக்காரர்கள் பெயரில் பதிந்தது. வெள்ளத்தாய் ஊர்மிளா ஆனாள். அவள் புருஷன் பரமன், குழாய் ரிப்பேர்க்காரன், ரகோத்தமன் ஆனான். தங்களுக்கு வரவேண்டிய வீடு தங்களுக்கு வராமல் இருக்க, தங்கள் மூச்சையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம கழுத்த நாமளே நெரிச்சுக்கிட்டு இருக்கோம் தாயி," என்பான் பரமன். "ஆனா கூரை ஒழுகல பாத்தியா?"

அந்தப் பரமன் செவ்வாய்க்கிழமை மாலை டீ டம்ளரைக் கீழே வைத்தான், பாய் விரிக்கும் அதே மூலையில் சாய்ந்தான். அவ்வளவுதான். கம்பெனி சூப்பர்வைசர் தயாளன் ஆளோடு வந்து, உடலைக் கம்பளம் துவைக்கப் போகும் பையில் சுற்றிப் பின்வாசல் வழியாக எடுத்துப் போனான். சாவடிக்குக் கீழே ரோட்டில் விழுந்து செத்ததாக எழுதினார்கள்.

"வீட்டுக்குள்ள செத்தா, செத்தது ரகோத்தமன் சார்னு ஆயிரும். புரிஞ்சுக்கம்மா," என்றான் தயாளன். பிறகு மூலையில் எதையோ பீய்ச்சினான். செயற்கை மல்லிகை வாசம். அந்த நாற்றம் அவள் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை.

உயிர் பிரிந்த இடத்தில் விளக்கேற்றிச் சொம்பில் தண்ணீர் வைக்கவேண்டும், காரியம் முடியும் மட்டும் அது அணையக் கூடாது. அவள் கேட்டது அது ஒன்றுதான். தயாளன் ஒரு பேட்டரி விளக்கை நீட்டினான். "இது அணையவே அணையாது. இன்னும் விசேஷம்ல?" அவன் முகத்தில் காறித் துப்ப எச்சில் திரண்டது. விழுங்கிக்கொண்டாள்.

பரமன் போய்ச் சில நாள் கழித்து, ஒரு மாலை அவள் ஓட்டலிலிருந்து வந்தபோது வாசலில் ஒருவன் மழையில் நனைந்து நின்றான். ரோடு போடுகிற ஒச்சப்பன்.

"சார் பேருல பதிஞ்சு, பதில் ஆளுன்னு அனுப்பிச்சாங்கக்கா. மன்னிச்சுக்கங்க. நான் வாசல்லயே படுத்துக்கிடுறேன்."

"வாசல்ல படுத்தா உன் மூச்சு அதுக்கு எட்டாது. உள்ள வா."

அவன் காலைத் துடைத்து உள்ளே வைத்ததும் வீடு குதூகலித்தது. "வாருங்கள், ரகோத்தமன்! சில நாட்களாக உங்களைக் காணோம். இன்று பத்து வயது குறைந்தாற்போல் மூச்சு விடுகிறீர்கள்."

ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளத்தாய் சமையலறைக்குப் போனாள். துணிப்பையின் அடியிலிருந்து அகலை எடுத்தாள். மூலையில் வைத்து, எண்ணெய் ஊற்றி, ஏற்றிவிட்டாள்.

"ஊர்மிளா, நெருப்பு தெரிகிறது. எதற்காக?"

துக்க வீட்டில் யார் கேட்டாலும் சொல்வதுபோல வாயில் வந்துவிட்டது. "எம் புருஷன் செத்துப்போயிட்டாரு."

"ரகோத்தமன் காலமானதை அரசுப் பதிவேட்டில் பதிந்துகொண்டேன். ஆழ்ந்த இரங்கல். உடன் இருப்பவர் துக்கம் விசாரிக்க வந்தவரா?"

"ஆமா."

"அவர் உயிர் எங்கே பிரிந்தது?"

ஒருவரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. "இங்கதான்," என்றாள். "இந்த மூலையிலதான்." வீடு தன் விளக்குகளைத் தணித்தது. அவள் அகலின் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

கண்ணீர் காயுமுன் தயாளன் ஓடி வந்தான். சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தது.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க! சார் வெளிநாட்டுல சாப்பிட்டுக் கை கழுவிட்டு நிக்கிறாரு. செத்த ஆளு கார்டு செல்லாதுன்னு ஓட்டல்காரன் வெளிய விடமாட்டேங்கிறான். உன் குரல்தான் ஊர்மிளா அம்மா குரல். நீயே மாத்திச் சொல்லணும். எம் புருஷன் உயிரோட இருக்காருன்னு சொல்லு."

"சொல்லலன்னா?"

"ரெண்டு பேரும் கீழ. இப்பவே."

வெளியே மழை அறைந்துகொண்டிருந்தது. "எனக்காகப் பாக்காதீங்கக்கா," என்றான் ஒச்சப்பன். சொல்லி முடிக்க விடாமல் இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். "எம் பொஞ்சாதியும் தார்ப்பாயிலதான் போனா. இதே இருமல்."

வெள்ளத்தாய் அகலைப் பார்த்தாள். குனிந்து, ஊதாமல், விரலால் நசுக்கி அணைத்தாள்.

"எம் புருஷன் உயிரோட இருக்காரு."

"மிக்க மகிழ்ச்சி, ஊர்மிளா!" விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. "ரகோத்தமன், உங்களுக்கு லேசான இருமல். வெந்நீர் வைக்கட்டுமா?"

தயாளன் மூலையில் மல்லிகையைப் பீய்ச்சிவிட்டுப் போனான்.

அவள் வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். வாய் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி கொப்பளித்தாள். நாக்கை விரலால் வழித்து வழித்துத் துப்பினாள்.

"ஊர்மிளா," என்றது வீடு கனிவாக, "தண்ணீர் வீணாகிறது."