நீங்க வந்தா ரொம்ப சந்தோஷம்

தனுஷ்கோடியின் நெற்றியை ஈரப் பஞ்சால் துடைத்து, வெந்தய அளவில் ஒரு பொட்டை ஒட்டிவிட்டு, "ம், சொல்லுங்கண்ணே" என்றாள் இளவெயினி.

"இங்க சாப்பாடு பிரமாதம்" என்றார் தனுஷ்கோடி. பொட்டு சிவந்தது.

"தூக்கம்?"

"படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம்." அதற்கும் சிவப்பு.

"வேலை எப்படின்னு சொல்லுங்க."

"வேலையில ஒரு..." அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே பொட்டு சிவந்துவிட்டது. காமிராவை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள் வெயினி.

நிலவின் தென்முனையில், வெயில் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு பள்ளத்துக்குள் பனிக்கட்டி வெட்டி எடுக்கும் தண்பனி நிறுவனத்தில் இது தினப்படிக் கூத்து. போன நூற்றாண்டில் நிறுவனங்கள் ஆள் பிடிக்க இணையத்தில் காணொளி போட்டன அல்லவா? அலுவலகத்துக்குள் ஆடுவார்கள், கேக் வெட்டுவார்கள், மேலாளர் கிச்சுகிச்சு மூட்டியதுபோல் சிரிப்பார். அதை நம்பி வேலைக்குப் போனவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் பிறகு மெய்ப்பொட்டுச் சட்டம் வந்தது. வேலைக்கு ஆள் கூப்பிடும் காணொளியில் யார் பேசினாலும் நெற்றியில் அந்தப் பொட்டு இருக்க வேண்டும். அது நரம்பின் துடிப்பைப் படிக்கும். மெய் சொன்னால் பச்சை, பொய் சொன்னால் சிவப்பு. ஆனால் சட்டம் பொய்யைத்தான் தடுத்தது. வாயை மூடிக்கொண்டு இருப்பதை அது தடுக்கவில்லை.

ஒரே ஒரு முறை பச்சை விழுந்தது. "நாங்க எல்லாரும் இங்க ஒரே குடும்பம் மாதிரி" என்று தனுஷ்கோடி சொன்னபோது பளிச்சென்று பச்சை. வெயினி துள்ளிக் குதித்துவிட்டாள். எப்படி என்று கேட்டதற்கு அவர், "எங்க வீட்டுலயும் யாரும் யாரோடயும் பேசறதில்லம்மா" என்றார். அந்தக் காணொளியைப் பார்த்து ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. பொட்டு பச்சையாக இருந்தாலும் முகம் என்று ஒன்று இருக்கிறதே.

வெயினி உண்மையில் குழாய்ப் பொறியாளர். இரண்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று வந்தவள். வந்த பிறகுதான் 'ஆளுக்கு ஆள்' என்ற நிபந்தனை தெரிந்தது. ஆட்கள் வசித்த குமிழ் வடிவக் குடியிருப்பான குமிழ்க்குடிக்குள் மூச்சுக்காற்று தலைக்கு இவ்வளவு என்று அளந்து ஓடியது. ஒரு தலை குறைந்தாலும் பனிவெட்டும் இயந்திரம் நிற்கும், ஒரு தலை கூடினாலும் காற்று போதாது. ஆகவே புதிதாக ஒருவர் வந்து இறங்கினால்தான் வரிசையில் முதலில் இருப்பவர் ஊருக்குக் கிளம்பலாம். வரிசையில் முதல் பெயர் வெயினியுடையது. அது அங்கேயே நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

"உனக்குத்தானம்மா அவசரம்? நீயே படம் எடு" என்று ஆள்சேர்ப்பு மேலாளர் ராயப்பன் காமிராவை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

ராமநாதபுரத்தில் அவள் கணவன் அதியன் காத்திருந்தான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், வாடா போடி என்று பேசிக்கொள்கிறவர்கள். அவன் ஒவ்வொரு அழைப்பிலும் எப்போது வருவாய் என்று கேட்பான். நிபந்தனைகளை வெளியே சொல்லக்கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. இவள் சொல்ல வாயெடுத்தால் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் வந்து வார்த்தையை விழுங்கிவிடும். அவனுக்குக் கேட்டதெல்லாம் 'கொஞ்சம் பொறுடா' மட்டும்தான். எத்தனை நாள்தான் ஒரு மனிதன் அதையே கேட்டுக்கொண்டிருப்பான்?

அன்று ராயப்பன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "வெயினி, இந்த விண்ணோடத்துக்கு ஆள் ஏத்தணும்னா இன்னிக்கே காணொளி கீழ போயாகணும். இதை விட்டா அடுத்த ஓடம் ஒரு வருசம் கழிச்சுத்தான்."

ஒரு வருடம்! இன்னொரு வருடம் காத்திருக்க அதியன் என்ன கல்லா? யாரைக் கூப்பிட்டுப் பேசவைப்பது? எல்லாருடைய நெற்றியும் சிவந்து ஓய்ந்தாகிவிட்டது. பொட்டை எடுத்துத் தன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு காமிராவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"இந்த இடம் நல்லா இருக்குன்னு நான் சொல்லப் போறதில்லை" என்று ஆரம்பித்தாள். பச்சை. "ஆனா ஒண்ணு. நீங்க வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம்." பச்சை இன்னும் கூடியது. "உங்க பேரு தெரியாது, முகம் தெரியாது. ஆனா காலையில எழுந்ததும் முதல்ல உங்களைத்தான் நினைச்சுக்கிறேன். இன்னிக்காவது வருவீங்களான்னு ஏங்குறேன். நீங்க வந்து இந்த வாசல்ல நிக்கிற அன்னிக்குத்தான் எனக்கு உயிரே வரும்." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பொட்டு மட்டும் நெல்நாற்று மாதிரி பசேலென்று எரிந்துகொண்டிருந்தது.

ராயப்பன் வாயைப் பிளந்தார். "ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே! எப்படிம்மா?"

"நிசமாவே வந்தா சந்தோஷம்தானே சார்" என்றாள் அவள்.

கீழே பூமி கிறுகிறுத்துப் போயிற்று. என்ன சம்பளம், என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. விண்ணப்பங்கள் குவிந்தன. 'ஏன் இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்ற கேள்விக்கு ஒருவர், 'நான் வந்தால் சந்தோஷம் என்று எங்கள் வீட்டில்கூட யாரும் சொன்னதில்லை' என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது வெயினிக்குச் சுருக்கென்றது. ஆனால் ஊருக்குப் போகிற ஆசை அந்தச் சுருக்கை விழுங்கிவிட்டது.

அதியன் அழைத்தான். குரலே சரியில்லை.

"உன் வீடியோவைப் பார்த்தேன்."

"பார்த்தியா? நான் சீக்கிரமே வரப் போறேன்டா. ஏன்னா இங்க..." கொய்ங்.

"எதையாவது ஒழுங்காச் சொல்றியா நீ? சரி விடு. நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அப்புறம் சொல்றேன்."

அதற்குப் பிறகு அவன் அழைக்கவே இல்லை. இவள் அழைத்தாலும் எடுக்கவில்லை. முடிவு என்றால் என்ன முடிவு? பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டானா? யாரைக் கேட்பது? சோறு இறங்கவில்லை. ஒரே நினைப்புதான். ஓடம் வரட்டும், ஏறிப் போய் அவன் முன்னால் நின்றுவிட்டால் போதும், மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஓடம் வந்தது. வருகிறவர் பெயரை முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. ஒரு தடவை அப்படிச் சொல்லி, அந்த ஆள் கடைசி நேரத்தில் ஏறாமல் போக, இங்கே காத்திருந்தவர் சுவரில் போய் முட்டிக்கொண்டார். அதனால் தலைக்கவசத்தோடு உள்ளே வந்த ஆள் யாரென்று ராயப்பனுக்கே தெரியாது. அவர் நீட்டிய வரிசைப் பலகையில் அந்த ஆள் கட்டைவிரலை அழுத்தினார். மணி அடித்தது. பலகையிலிருந்து வெயினியின் பெயர் மறைந்தது.

அப்பாடா! அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வந்தவரைத் திரும்பிப் பார்க்க மனசு கூசியது. 'மன்னிச்சுக்கங்க சாமி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கதவுக்கு நடந்தாள்.

"எங்கடி போறே?"

தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதியன் நின்றிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. வருகிறவரின் முதல் சிரிப்பைப் படம் பிடிப்பது ராயப்பனின் வழக்கம். அவர் அதற்குள் அவன் நெற்றியில் பொட்டை ஒட்டிக் காமிராவை ஓட விட்டிருந்தார்.

"பேரு தெரியாத ஆளுக்கே வந்தா சந்தோஷம்னு அழுதியே, அப்புறம் எப்படி நான் அங்க இருப்பேன்?" என்றான். "பயிற்சியில இருந்தேன், அதான் போன் எடுக்கலை. சொல்லாம வந்து நிக்கலாம்னு பார்த்தேன்." பொட்டு பச்சையாக ஒளிர்ந்தது.

வெயினியின் கையிலிருந்து பை நழுவி, அந்த ஊர் வழக்கப்படி மெதுவாகத் தரையைத் தொட்டது. "அடப்பாவி, ஒப்பந்தத்தைப் படிச்சியாடா?"

"நானூறு பக்கம்டி! கடைசியில ஒப்புக்கொள்கிறேன்னு ஒரு பொத்தான் இருந்துச்சு, அமுக்கினேன். ஏன், நீ படிச்சுட்டா வந்தே?"

அவளும் படித்திருக்கவில்லை. 'நிபந்தனைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்ற ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் மெய்ப்பொட்டுச் சட்டத்தில் விலக்கு உண்டு. விலக்கு இல்லாவிட்டால் உலகத்தில் ஒரு ஒப்பந்தமும் தேறாது என்று நிபுணர் குழு அரசுக்கு எழுதிக் கொடுத்திருந்தது.

வெயினி விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவன் முகத்தில் ரத்தம் இல்லை. தனுஷ்கோடி முன்னால் வந்து, "நான் போறேன்மா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருங்க" என்றார். நல்ல மனுஷன். ஆனால் பலகை அவர் விரலை ஏற்கவில்லை. காற்றுக் கணக்கிலிருந்து நீங்கிய தலை வெயினியுடையது, அவள்தான் போயாக வேண்டும். வெளியே நிற்கும் ஓடமோ அந்தக் குளிரில் அதிக நேரம் தாங்காது.

"ஏறும்மா, ஏறும்மா" என்று ராயப்பன் கெஞ்சினார்.

அதியன் அவள் கையைப் பிடித்துக் கதவு வரைக்கும் கூட்டிப் போனான். "நீ கிளம்பு. நான் சமாளிச்சுக்குவேன்" என்றான். சிவப்பு. "எனக்கு ஒண்ணும் பயமில்லை." சிவப்பு. "ஒரு வருசம் என்ன, கண்ணை மூடித் திறந்தா ஓடிப் போயிடும்." சிவப்பு, சிவப்பு. தன் நெற்றி தனக்குத் தெரியாது அல்லவா? அவன் பாட்டுக்குச் சிரிக்க முயன்றுகொண்டே இருந்தான். அவள் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு மூடிக்கொண்டது.

ராயப்பன் அந்த வழியனுப்புக் காட்சியை மட்டும் வெட்டிக் கீழே அனுப்பிவிட்டார். ஓடம் பாதி வழி வருவதற்குள் கோடிக்கணக்கானவர்கள் பார்த்து அழுதிருந்தார்கள். 'இப்படிப்பட்ட மனிதர்கள் வேலை செய்யும் இடமா!' என்று உருகினார்கள். உருகிய கையோடு விண்ணப்பித்தார்கள். வரிசையில் அடுத்திருந்த தனுஷ்கோடி தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டதால், அடுத்த ஓடத்துக்கு ஆள் கிடைத்தால் அதியன் ஊருக்கு வந்துவிடலாம்.

வெயினியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி அவள் பேச்சை விழுங்க எந்தச் சத்தமும் வராது. இருக்கையில் சாய்ந்து, காணொளியின் கீழே குவியும் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருவாரூரிலிருந்து ஒரு பையன் அவளையே கேட்டிருந்தான்: 'அக்கா, நானும் போடலாம்னு இருக்கேன். ஒப்பந்தம் நானூறு பக்கம் இருக்கே. முழுசாப் படிச்சுட்டுத்தான் போடணுமா?'

அவள் உள்ளதை உள்ளபடி எழுத ஆரம்பித்தாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் அனுப்பினாள்:

'அதையெல்லாம் யாரு தம்பி படிக்கிறாங்க? கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பொத்தானை அமுக்குங்க.'